பேருந்தைத் திரும்ப அழைக்கும் கடிதம்

"இன்ன நிறுவனம் இத்தனை ஆயிரம் வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது" என்ற செய்தியை நாம் எல்லோரும் நாளிதழில் பார்த்திருப்போம். பெரும்பாலும் வணிகப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரிகளில் இருக்கும். எட்டாம் வகுப்பில் செய்தித்தாள் வாசிப்பின்போது ஒரு மாணவன் அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, "திரும்ப வாங்கிக்கிட்டா பணத்தையும் திருப்பிக் கொடுத்துடுவாங்களா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "திரும்பப் பெறுதல்" என்ற சொல் அப்படித்தான் நினைக்க வைக்கும். கடையில் வாங்கிய சட்டையில் கிழிசல் இருந்தால் திருப்பிக் கொடுப்பதைப் போல.

நடைமுறையில் அது வேறு. வாகனம் உரிமையாளரிடமே இருக்கும். "நாங்கள் செய்த வாகனத்தில் ஒரு குறை இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்தாகலாம். கொண்டு வாருங்கள், பணம் வாங்காமல் சரிசெய்து தருகிறோம்" என்று தயாரித்தவரே எழுத்தில் தெரிவிக்கும் அழைப்புதான் அது. குறை ஓட்டுநரிடம் இல்லை, வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொள்கிறார் என்பதுதான் இதன் சாரம். என்னைக் கேட்டால் "திருத்த அழைப்பு" என்றே மொழிபெயர்த்திருக்கலாம். ஆனால் பழகிவிட்ட சொல்லை மாற்ற முடியாது.

கார்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் வரும் அழைப்புகளைவிடப் பேருந்துகளுக்கு வரும் அழைப்பு எண்ணிக்கையில் சிறியது. சில நூறு வண்டிகள், சில ஆயிரம் வண்டிகள் என்றுதான் இருக்கும். அதனாலேயே செய்தியாவதும் குறைவு. ஒரு பேருந்தில் நாற்பது, ஐம்பது பேர் பயணம் செய்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால்தான் அந்தச் சிறிய எண்ணின் கனம் தெரியும். அதிலும் "தீப்பிடிக்கும் அபாயம்" என்ற காரணத்துக்காகப் பேருந்துகள் அழைக்கப்படும்போது அதன் பின்னால் இருக்கும் இயற்பியலும் வேதியியலும் நாம் வகுப்பில் நடத்தும் பாடங்களே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்னி பஸ் எங்கே சூடாகிறது?

அமெரிக்காவில் "மோட்டார் கோச்" என்பது நாம் ஆம்னி பஸ் என்று சொல்லும் வகை. 12 மீட்டருக்கு மேல் நீளம். உயரமான தளம். அடியில் பெட்டிகள் வைக்கும் அறை. இன்ஜின் பின்னால். ஏறி இறங்க வழக்கமாக முன்பக்கம் ஒரே கதவு. குளிர்சாதன வசதிக்காக மூடிய பெரிய கண்ணாடிகள். இந்த அமைப்பில் ஓட்டுநருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு முழுப் பேருந்தின் நீளம் இருக்கிறது. பின்னால் புகை கிளம்பினால் முதலில் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லை. பின்னால் வரும் வேறொரு வண்டிக்காரர்தான்.

மோதல் இல்லாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே எரியத் தொடங்கும் பேருந்துகளில் தீ பெரும்பாலும் இன்ஜின் அறையிலோ சக்கரப் பகுதியிலோதான் பிறக்கிறது. மின்கம்பிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மோதலால் வரும் தீ வேறு கணக்கு. 2013 அக்டோபர் 30 அன்று, அப்போதைய மகபூப்நகர் மாவட்டத்தில் பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பேருந்து சிறுபாலத்தில் மோதி எரிந்து 45 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இங்கே நான் சொல்வது எதன்மீதும் மோதாமல் எரியும் பேருந்துகளைப் பற்றி.

இன்ஜின் அறையைப் பார்ப்போம். டர்போவும் புகைபோக்கிக் குழாயும் அதிகச் சுமையில் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்க இப்போதைய டீசல் வண்டிகளில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போதும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் வரும். காற்றைச் சுத்தமாக வைக்க வந்த கருவி இன்ஜின் அறையை இன்னும் சூடாக்கியது என்பது கவனிக்க வேண்டிய முரண். இனி டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகவே பற்றிக்கொள்ளும் எரிவெப்பநிலை 200 டிகிரிக்குச் சற்று மேலே. தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம். கசிந்த டீசல் அந்தக் குழாயின் மேல் பட்டால் போதும்.

ஸ்டியரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் எண்ணெய் ஹோஸ் வழியாக ஓடுகிறது. அதில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கை எட்டும். ஹோஸ் ஒரு தகட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் சொட்டாது, பனிமூட்டம்போலப் பீய்ச்சும். கட்டையைவிடச் சிராய் விரைவாகப் பற்றுகிறது, பரப்பு கூடினால் எரிதல் விரைவாகும் என்று பாடம் நடத்துகிறோமே, அதேதான். ஒரு கிளாம்ப்பை இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தால் அந்த ஹோஸ் உரசியிருக்காது. தீ அபாயத்துக்காக வரும் திருத்த அழைப்புகளில் பல இவ்வளவு சிறிய விஷயங்கள்தான். ஹோஸ் உரசுகிறது, பேட்டரி கேபிள் சட்டத்தில் தேய்கிறது, நட்டு சரியாக முறுக்கப்படவில்லை. படித்தால் சிரிப்பு வரும் அளவுக்குச் சாதாரணமான காரணங்கள்.

ஒரு சக்கரத்தின் கதை

சக்கரம் இன்ஜினைவிட எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. காரணம் 2005 செப்டம்பர் 23.

ரீட்டா புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹூஸ்டன் நகரை ஒட்டிய பெல்லேரில் இருந்த முதியோர் இல்லத்திலிருந்து முதியவர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாடகைக் கோச் வடக்கே டல்லஸ் நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 44 பேர். புயலுக்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கியதால் சில மணி நேரப் பயணம் இரவு முழுவதும் நீண்டது. வழியில் வலதுபுறப் பின்சக்கரம் ஒன்றில் கோளாறு ஏற்பட்டு டயர் மாற்றப்பட்டது. விடியற்காலை ஆறு மணியளவில், டல்லஸுக்குத் தெற்கே வில்மர் என்ற ஊருக்கு அருகே, வேறொரு வாகனத்தில் வந்தவர் அதே சக்கரத்தின் நடுப்பகுதி சிவப்பாகக் கனன்றுகொண்டிருப்பதைப் பார்த்து எச்சரித்தார். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். அதற்குள் டயர் பற்றிக்கொண்டது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிறர் உதவியின்றி எழுந்து நடக்க முடியாதவர்கள். பயணிகளுக்காக உள்ளே வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2007இல் அறிக்கை தந்தது. அது கண்டறிந்த காரணம் ஒரே வரியில் அடங்கும்: அந்தச் சக்கரத்தின் பேரிங்கில் போதிய உயவுப்பொருள் இல்லை. உயவு குறைந்ததால் உராய்வு கூடியது, உராய்வால் வெப்பம் கூடியது, பேரிங் நொறுங்கியது, வெப்பம் டயருக்குப் போனது, டயர் எரிந்தது. அந்தக் குறைபாட்டைப் பேருந்து நிறுவனம் கண்டுபிடிக்கத் தவறியதையும், அப்படிப்பட்ட நிறுவனங்களைச் சரியாகக் கண்காணிக்காத அரசு அமைப்பையும் வாரியம் குறிப்பிட்டது. டயரை மாற்றினார்கள், டயர் ஏன் கெட்டது என்று உள்ளே பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் உராய்வைக் குறைக்கும் வழிகளில் உயவுப் பொருள்களையும் பந்து தாங்கிகளையும் சொல்கிறோம். படம் வரைந்து பாகம் குறிப்பதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. நான் எங்கள் ஊர்ப் பட்டறையிலிருந்து இரண்டு பழைய பேரிங்குகளை வாங்கி வந்தேன். ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினேன், மற்றொன்றில் கிரீஸ் வைத்தேன். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாலே எது எது என்று சொல்லிவிடுகிறார்கள். உலர்ந்தது கரகரவென்று சத்தம் போடும். அதன் மேல் பல டன் எடையை ஏற்றி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பல மணி நேரம் உருட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் போதும். விடையை அவர்களே சொல்வார்கள். எரியும் சோதனை எதையும் வகுப்பறையில் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை.

டயர் எரிவது மற்றப் பொருள்கள் எரிவதைப் போன்றதல்ல. வெளியே சுடரை அணைத்தாலும் உள்ளே இரும்பு ஹப்பில் தேங்கிய வெப்பம் மறுபடியும் ரப்பரைப் பற்ற வைக்கும். பேருந்தில் மாட்டியிருக்கும் சிறிய தீயணைப்பான் தீர்ந்த பிறகும் இது நடக்கும். வில்மர் தீக்குப் பிறகு அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு கோச்சின் சக்கரத்தை வேண்டுமென்றே சூடாக்கித் தீ எந்த வழியாக உள்ளே போகிறது என்று ஆராய்ந்தது. தரையைத் துளைத்துக்கொண்டு வரும் என்றுதான் நாம் நினைப்போம். வந்தது சன்னல் வழியாக. டயரின் சுடர் பக்கச்சுவரை ஒட்டி மேலேறி, மேலே இருந்த கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தது. வெப்பக்காற்று மேல்நோக்கிச் செல்லும் என்ற வெப்பச்சலனப் பாடத்துக்கு இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இருக்கைத் துணி, திரைச்சீலை ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் ஒரு தீப்பாதுகாப்புத் தரம் 1972 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளைப் படுக்கைவாட்டில் வைத்துச் சிறு சுடர் காட்டும்போது, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது. சிகரெட்டோ தீக்குச்சியோ விழுந்தால் என்ன ஆகும் என்பதை மனத்தில் வைத்து எழுதிய தரம் அது. சன்னல் வழியாக உள்ளே பாயும் டயர் தீக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்பதை மாணவர்களே விவாதிக்கலாம்.

அழைப்பு எதைப் பிடிக்கும், எதை விடும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். வில்மரில் நடந்தது பராமரிப்புக் குறை. எந்தத் திருத்த அழைப்பும் அதைத் தடுத்திருக்காது. கிரீஸ் வைப்பது பேருந்து நிறுவனத்தின் வேலை. கிரீஸ் நின்றுகொள்ளாதபடி சீல் தவறாக வடிவமைக்கப்பட்டிருந்தால் அது தயாரித்தவரின் குறை. அப்போதுதான் அழைப்பு வரும். ஒரே பேரிங், ஒரே தீ, ஆனால் பொறுப்பு இரண்டு இடங்களில். தீ எரிந்து முடிந்த பிறகு எது எது என்று பிரிப்பது கடினம். இரும்பும் சாம்பலும்தான் மிச்சம் இருக்கும். அதனால் ஒரே வகை வண்டி, ஒரே இடத்தில், வேறு வேறு ஊர்களில் எரிகிறதா என்று தரவுகளைச் சேர்த்துப் பார்ப்பது முக்கியமாகிறது. ஒரு தீ விபத்து. ஒரே மாதிரியான நான்கு தீ, வடிவமைப்பின்மீது சந்தேகம்.

அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1966இல் வந்தது. குறை இருப்பதாக முடிவுக்கு வந்த 5 வேலை நாள்களுக்குள் தயாரிப்பாளர் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 60 நாள்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். திருத்தத்துக்குப் பணம் வாங்கக் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒரு சட்டம், புகார்களையும் விபத்துத் தகவல்களையும் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே அரசுக்குத் தர வேண்டும் என்றது. அந்தக் கடிதத்தை விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள் என்பதால், உறையின் மேல் பாதுகாப்பு அழைப்பு என்று பளிச்சென்று தெரியும்படி ஒரு பட்டை இருக்க வேண்டும் என்று 2014இல் விதி கொண்டுவந்தார்கள். ஓர் அரசாங்கம் கடித உறையின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. சுற்றறிக்கை அனுப்பிப் பழகிய நமக்கு அந்தக் கவலை புரியும்.

அழைப்பின் பலமும் பலவீனமும் சேர்ந்து தெரியும் எடுத்துக்காட்டு ஃபோர்டு நிறுவனத்தின் சுவிட்ச். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் அமைப்பை, பிரேக்கை மிதித்தவுடன் நிறுத்துவதற்கான சிறிய சுவிட்ச் அது. ஒருபுறம் பிரேக் எண்ணெய், மறுபுறம் மின்சாரம், நடுவே மெல்லிய படலம். படலம் காலப்போக்கில் விரிசல் விட்டு எண்ணெய் மின்பகுதிக்குள் கசிந்தது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அந்தச் சுவிட்சில் மின்சாரம் இருந்தது. இதனால் வீட்டு வாசலில் நின்றிருந்த வண்டிகள் நள்ளிரவில் எரிந்தன. 1999 முதல் 2009 வரை தவணை தவணையாக அழைத்து, மொத்தம் சுமார் 1 கோடியே 40 லட்சம் வாகனங்கள் ஆயின. கார், சரக்கு வண்டி, வேன் எல்லாம் அடக்கம். ஒரு சுவிட்ச், பத்தாண்டுகள்.

கடிதம் போவது உரிமையாளருக்கு. பயணிக்கு இல்லை. இதுதான் இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு உறுத்தும் இடம். 2004 அக்டோபரில் கலிபோர்னியாவில் ரேச்சல், ஜாக்குலின் ஹௌக் என்ற இளம் சகோதரிகள் வாடகைக் கார் ஒன்றில் போனார்கள். ஸ்டியரிங் எண்ணெய் ஹோஸ் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று அதற்கு முந்தைய மாதமே அந்த வகைக் கார் அழைக்கப்பட்டிருந்தது. வாடகை நிறுவனம் சரிசெய்யாமலே கொடுத்தது. கசிவால் கார் கட்டுப்பாட்டை இழந்து லாரியில் மோதி இருவரும் இறந்தார்கள். அவர்களின் தாய் பல ஆண்டுகள் போராடியதில், அழைப்பு நிலுவையில் உள்ள காரை வாடகைக்கு விடக் கூடாது என்ற சட்டம் அவர்கள் பெயரிலேயே வந்து 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் சிறிய வாகனங்களுக்கு மட்டும். ஓட்டுநரோடு வரும் கோச்சில் ஏறும் ஐம்பது பேருக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை.

இந்தப் பகுதியை வகுப்பில் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி, "தெரிஞ்சேதானே கொடுத்திருக்காங்க சார்?" என்றாள். தெரிந்தேதான். ஒரு வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் அது சம்பாதிப்பதில்லை. அழைப்பில் பழுதுக்கான செலவு இலவசம். அந்த ஒரு நாள் வருமானம் இலவசம் இல்லை. பத்து வண்டி வைத்திருப்பவர் ஒன்றை அனுப்பிச் சமாளிப்பார். ஒரே வண்டி வைத்திருப்பவர் சீசன் முடியட்டும் என்பார். வண்டி கைமாறியிருந்தால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். எந்த நாட்டிலும் அழைத்த வண்டிகள் நூற்றுக்கு நூறு வந்து சேர்வதில்லை. 400 பேருந்துகளை அழைத்து 75 சதவீதம் சரிசெய்யப்பட்டதாக வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள 100 பேருந்துகளில் தலா 45 பேர் ஒரு நாளைக்கு ஒரு முறை பயணம் செய்தாலும் எத்தனை பேர் என்று கணக்குப் போடச் சொன்னேன். "75 சதவீதம் நல்ல மார்க்குதானே சார்" என்று தொடங்கிய பையன் 4,500 என்று எழுதியபின் பேசவில்லை.

நம் நாட்டில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019இன் மூலம் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசே ஆணையிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆணைக்குக் கீழ்ப்படியாவிட்டால் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்கு முன்பு அழைப்பு என்பது நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வதாக மட்டுமே இருந்தது. பேருந்துகளைப் பொறுத்தவரை நம்மிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கோச் பெரும்பாலும் ஒரே தொழிற்சாலையில் முழுதாக உருவாகிறது. நம் ஊரில் சேஸிஸ் ஓர் இடத்தில், கூண்டு கட்டுவது கரூர் போன்ற வேறோர் இடத்தில். சேஸிஸ் கம்பெனி போட்ட கம்பி எது, கூண்டு கட்டியபோது இழுத்த கம்பி எது, பின்னால் உரிமையாளர் டிவிக்கும் விளக்குக்கும் சேர்த்த கம்பி எது என்று பிரித்தால்தான் யார் அழைக்க வேண்டும் என்பதே தெரியும்.

வகுப்பில் வேறு என்ன செய்யலாம்

அறிவியல் ஆசிரியர்களுக்கு உராய்வு, எரிவெப்பநிலை, வெப்பச்சலனம் ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்வில் இணைக்க இது உதவும். கணிதத்துக்குச் சதவீதம். ஆனால் எனக்கு எதிர்பாராத பலன் தமிழ்ப் பாடவேளையில் கிடைத்தது. எங்கள் பள்ளித் தமிழாசிரியை, "தயாரிப்பாளர் பேருந்து உரிமையாளருக்கு எழுதும் கடிதம்" என்று ஒன்பதாம் வகுப்புக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தார். பெரும்பாலோர் நாம் கற்றுக்கொடுத்த கடித வடிவில் அனுப்புநர், பெறுநர், நலம் விசாரிப்பு, எங்கள் நிறுவனம் ஐம்பது ஆண்டுகளாகச் சேவை செய்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்தியில்தான் ஹோஸ் கசிவுக்கு வந்தார்கள். ஒரு மாணவி முதல் வரியிலேயே, "இந்தப் பேருந்தை இன்று சாலையில் எடுக்காதீர்கள், காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்" என்று தொடங்கியிருந்தாள். இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் ஒட்டி, ஐம்பது கடிதங்களுக்கு நடுவே நீங்கள் எதைப் படித்து முடிப்பீர்கள் என்று விவாதிக்க வைத்தார் அவர். அரைமணி நேரம் ஓடிவிட்டது.

கல்விச் சுற்றுலாவுக்குப் பேருந்து அமர்த்தும் பொறுப்பு நம்மில் பலருக்கு வருகிறது. தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை வாங்கிவிடுகிறோம். அவற்றோடு நான் இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன். இந்த மாடலுக்குக் கம்பெனியிலிருந்து ஏதாவது அழைப்பு வந்திருக்கிறதா, சரிசெய்த ரசீது இருக்கிறதா? சக்கரங்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் மாற்றினார்கள்? அவசர வழியின் பூட்டு திறக்கிறதா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இடத்தில் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பல உரிமையாளர்கள் விழிப்பார்கள். இரண்டாவது கேள்வியை ஓட்டுநரிடமே கேட்பது நல்லது. சென்ற முறை வந்த ஓட்டுநர் அண்ணன், "உரிமையாளர்கூட இதைக் கேட்டதில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் பின்சக்கரத்தைக் காட்டினார். தேநீர் குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஹப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பாராம். தொடமாட்டார். மற்றச் சக்கரங்களைவிட ஒன்று மட்டும் அதிகமாகத் தகித்தால் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். அன்றைய பயணத்தில் நான்கு இடங்களில் நிறுத்தினோம். நான்கிலும் மாணவர்கள் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். டயரைத் தொடக் கூடாது என்று அவரே அவர்களை இரண்டடி தள்ளி நிற்க வைத்தார்.

புறப்படுவதற்கு முன் பள்ளி வளாகத்திலேயே இறங்கும் பயிற்சி ஒன்றையும் செய்தோம். 42 மாணவர்கள், முன்கதவு மட்டும். பைகளோடு இறங்கியபோது 2 நிமிடம் 50 விநாடி ஆனது. பைகளை இருக்கையிலேயே விட்டுவிட்டு, பின்பாதி வரிசைகள் அவசரக் கதவு வழியாகவும் இறங்கியபோது 1 நிமிடம் 5 விநாடி. அவசரக் கதவின் உயரத்திலிருந்து சிறியவர்கள் குதிக்கத் தயங்கினார்கள். அதனால் கீழே நின்று பிடித்து இறக்க இரண்டு பெரிய மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் முதலில் இறங்கும்படி அமர்த்தினோம். அவர்கள் மூவருக்கும் அந்தக் கதவை ஒட்டிய இருக்கைகளையே ஒதுக்கினோம்.